கரண்ட் போன பிறகு கொக்கி எங்கே நிற்கும்?

காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி ஓடுகிற வீட்டுக்குள் போனால் கண் முதலில் தறிக்குழியைப் பார்க்கும். அப்புறம் தானாகவே மேலே போகும். உத்தரத்துக்குச் சற்றுக் கீழே, மரச்சட்டத்தின் மேல் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதன் ஒரு பக்கத்தில் ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோத்துத் தொங்கும். அடியிலிருந்து கயிறுகள் கொத்தாக இறங்கிப் பாவு இழைகளுக்கு வரும். பிள்ளையார்பாளையத்தில் வளர்ந்த எனக்குச் சின்ன வயதில் இது ஒரு விஷயமாகவே பட்டதில்லை. டிரைவர் எழுதும் தொழிலில் முப்பது வருடம் ஓட்டிவிட்டு வந்த பிறகுதான் அந்தப் பெட்டியை நிதானமாக அண்ணாந்து பார்க்க நேரம் கிடைத்தது.

டிரைவர் என்றதும் லாரி ஓட்டியதாக நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டருக்கும் அதோடு சேர்ந்த கருவிக்கும் நடுவில் நின்று, "இப்போது எழுந்திரு, இப்போது இந்தக் கம்பியில் மின்சாரம் விடு, இப்போது தூங்கு" என்று கட்டளை கொடுக்கிற நிரலுக்குத்தான் அந்தப் பெயர். வெளியே இருப்பவர்கள் இந்த வேலையில் எழுப்புவதுதான் கஷ்டம் என்று நினைப்பார்கள். தூங்க வைப்பதும், தூங்கும்போது ஒவ்வொரு கம்பியும் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதும்தான் உயிரை வாங்கும். யாரும் எதுவும் சொல்லாத நேரத்தில் ஒரு கம்பி என்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஜக்கார்டு பெட்டி 1804-லேயே பதில் வைத்திருந்தது. கம்ப்யூட்டர் உலகம் அதற்கு ஒழுங்காகப் பெயர் வைக்க 2013 ஆயிற்று. இடையில் நடந்ததைத்தான் எழுதப்போகிறேன்.

பெட்டிக்குள் வரிசையாகக் கொக்கிகள் நிற்கின்றன. ஒவ்வொரு கொக்கியோடும் ஒரு ஊசி படுக்கைவாட்டில் சேர்ந்திருக்கிறது. அட்டை வந்து ஊசிகளின் முனையில் அழுந்தும். ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி ஓட்டைக்குள் போய்விடும். அதன் கொக்கி நேராகவே நிற்கும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளும், கொக்கி சாய்ந்துகொள்ளும். நெசவாளர் மிதியை அழுத்தியதும் கத்தி போன்ற தகடுகள் மேலே எழும்பும். நேராக நிற்கும் கொக்கிகள் அவற்றில் மாட்டிக்கொண்டு மேலே போகும், சாய்ந்தவை கீழேயே நிற்கும். மேலே போன கொக்கிகளின் இழைகள் தூக்கிக்கொள்ள, இடைவெளியில் நாடா ஓடும். ஓர் ஊடை முடிந்தது.

இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். நான் சொல்ல வந்தது மிதியிலிருந்து காலை எடுத்த பிறகு நடப்பது. ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் ஒரு சின்ன எடை தொங்குகிறது. காலை எடுத்ததும் அந்த எடை இழையைக் கீழே இழுத்துவிடும். ஊசியின் பின்னால் இருக்கிற சுருள்வில் ஊசியைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். யாரும் கட்டளை கொடுக்கவில்லை, மின்சாரமும் செலவாகவில்லை. பாதி இழை மேலே பாதி இழை அந்தரத்தில் என்று நிற்கிற பேச்சே கிடையாது. ஆடி மாதம் ஊருக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்து வந்து மிதித்தாலும், விட்ட இடத்து அட்டைதான் ஊசிக்கு எதிரே நிற்கும். எங்கள் பாஷையில் சொன்னால், இயல்பு நிலை உண்டு, உறங்கும் நிலை உண்டு, மின்சாரம் போனாலும் அழியாத நினைவும் உண்டு.

ஜக்கார்டு வருவதற்கு முன்னால் காஞ்சியில் அடை கட்டி நெய்தார்கள். எந்த இழைகள் தூக்க வேண்டுமோ அவற்றை நூலில் கண்ணி போட்டுக் கட்டி வைத்து, ஊடைக்கு ஊடை கையால் இழுப்பார்கள். அப்போது நினைவு முழுவதும் கட்டிய நூலிலும் இழுக்கிறவர் தலையிலும் இருந்தது. பிரான்சின் லியோன் நகரத்திலும் இதே கதைதான். தறி மேலே கயிறு இழுக்க ஆள் வைத்திருந்தார்கள். அந்த ஆளுக்குப் பதிலாக ஓட்டை போட்ட காகிதச் சுருளை 1725-ல் பூஷோன் என்பவர் கொண்டுவந்தார். சுருளை அட்டைகளாக மாற்றியவர் ஃபால்கோன். இவர்கள் வேலையையும் வோகான்சோனின் வேலையையும் சேர்த்து உருப்படியாகச் செய்தவர் ஜக்கார்டு. பெயர் அவருக்கு நின்றுவிட்டது.

அட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்த வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். இங்கிலாந்தில் பாபேஜ், தன் கணக்குப் பொறிக்கு இந்த அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். ஜக்கார்டின் உருவத்தைப் பட்டில் நெய்த படம் ஒன்றை வீட்டில் வைத்திருந்தார், அதை நெய்ய 24,000 அட்டைகள் தேவைப்பட்டனவாம். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹாலரித் வைத்த இயந்திரம் எனக்கு இன்னும் பிடித்தது. அட்டையின் மேல் ஊசிகளை இறக்குவார்கள். ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி கீழே போய்ப் பாதரசக் குப்பியில் முங்கும். சுற்று முழுமையாகி எண்ணும் முள் ஒரு படி நகரும். நெசவாளருடைய கொக்கி மின்சாரம் பாயும் ஊசியாக மாறிய இடம் இதுதான். கொக்கியில் தொங்கிய எடை மட்டும் வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது.

இனி சிப்புக்கு வருவோம். சிப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கம்பிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைத் தமிழில் எழுதினால் "பின்" என்று வரும். நீங்கள் "பிறகு" என்று படித்துவிடுவீர்கள். ரேடியோ மெக்கானிக்குகள் "ஐசியின் கால்" என்பார்கள். நானும் கால் என்றே எழுதுகிறேன்.

1976-ல் இன்டெல் வெளியிட்ட 8085 சிப்புக்கு 40 கால்கள். நம் ஊர்க் கல்லூரிகளில் மின்னணுவியல் படித்தவர் யாரும் அதைத் தாண்டி வந்திருக்க முடியாது. 40 கால் போதாமல், எட்டுக் கால்களுக்கு இரட்டை வேலை கொடுத்தார்கள். முதலில் முகவரி, அடுத்த கணம் அதே காலில் தகவல். இரண்டில் எது என்று சொல்ல இன்னொரு கால். 1980-ல் வந்த 8051 சிப்பில் இந்த வழக்கம் பெருகியது. ஒரே கால் சாதாரண விளக்கை எரிய விடலாம், அல்லது தொடர் தகவலை வாங்கலாம், அல்லது வெளியிலிருந்து குறுக்கிடும் சைகையைக் கேட்கலாம். எந்த வேலை என்பதை நிரல்தான் சொல்ல வேண்டும். நிரல் சொல்வதற்கு முன்னால்?

8051-ஐ ரீசெட் செய்தால் அதன் வாசல்கள் எல்லாம் 1 என்ற நிலைக்குப் போகும். அதாவது, சும்மா இருக்கும்போது "மேலே". ஜக்கார்டு கொக்கிக்கு நேர் எதிர். அதில் ஒரு ரிலேயை நேராக மாட்டியிருந்தால், மின்சாரம் வந்ததும் நிரல் ஓடத் தொடங்குவதற்குள் ரிலே ஒரு தடவை "டக்" என்று அடித்துவிடும். 1990-களில் நான் பழுது பார்க்கப் போன ஒரு சாயப் பட்டறையில் கரண்ட் வரும்போதெல்லாம் ஒரு வால்வு அரைக்கால் நொடி திறந்து மூடும். அங்கே இருந்தவர்கள் அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளியை நிரந்தரமாக வைத்திருந்தார்கள். வாளியின் உள்பக்கம் ஏழெட்டு நிறத்தில் வளையம் வளையமாக இருந்தது. எத்தனை முறை கரண்ட் போய் வந்தது என்பதற்கு அதைவிட நல்ல பதிவேடு அந்தப் பட்டறையில் கிடையாது. காலில் 0 வந்தால் ரிலே இயங்கும்படி சுற்றைத் தலைகீழாக மாற்றினோம். வாளிக்கு வேலை போயிற்று.

அதே 8051 குடும்பத்தின் குறைந்த மின்சாரப் பதிப்பான 80சி51-ல் தூக்கமும் வந்தது. ஒரே ஒரு பதிவேட்டில் இரண்டு பிட்டுகள். ஒன்றைத் தொட்டால் மூளை மட்டும் ஓய்வெடுக்கும், கடிகாரமும் மற்ற உறுப்புகளும் ஓடும். இன்னொன்றைத் தொட்டால் கடிகாரமே நின்றுவிடும். நினைவகத்தில் இருந்தது மட்டும் அழியாமல் இருக்கும். கோழித்தூக்கம், கும்பகர்ணத் தூக்கம் என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். ஆனால் தூங்கும்போது கால்கள் கடைசியாக இருந்த நிலையிலேயே உறைந்து நிற்கும். மிதியை அழுத்தியபடியே நெசவாளர் தூங்கிப்போன மாதிரி. தூங்குவதற்கு முன் ஒவ்வொரு காலையும் ஒழுங்கான இடத்தில் வைப்பது நிரல் எழுதுகிறவன் பொறுப்பு.

மேஜை மேல் சுவர் மின்சாரத்தில் ஓடுகிற இயந்திரத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மடிக்கணினி வந்ததும் 1992-ல் ஏ.பி.எம்., 1996-ல் ஏ.சி.பி.ஐ. என்று தூக்கத்துக்கு விதிமுறைகள் எழுதினார்கள். உண்மையான நெருக்கடியைக் கொடுத்தது கைப்பேசிதான். 2006-ல் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை தொடங்கியது. 2014 நவம்பரில் மூடியது. அந்த எட்டு வருடத்தில் தறியை விட்டுக் கம்பெனி பஸ் ஏறிய பிள்ளைகள் எங்கள் தெருவிலும் உண்டு. நோக்கியா 1100 ஞாபகம் இருக்கிறதா, முன்னால் டார்ச் விளக்கு வைத்தது? அதன் பேட்டரி 850 மில்லி ஆம்பியர் மணி. பேசாமல் வைத்திருந்தால் 400 மணி நேரம் வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். வகுத்துப் பாருங்கள்: சராசரியாக 2 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல்.

இப்போது ஒரு காலைக் கவனியுங்கள். 10 கிலோ ஓம் மின்தடை வழியாக 3 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டியிருக்கிறது. தூங்கும்போது நிரல் அதை 0-வில் விட்டுவிட்டது. அந்த ஒரு கால் வழியாக 0.3 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படி ஏழு கால்களை மறந்தால் 2.1 மில்லி ஆம்பியர். 400 மணி நேரம் 200 ஆகிவிடும். திரையில் எந்தத் தவறும் தெரியாது. அலாரம் அடிக்கும், அழைப்பு வரும், பாம்பு விளையாட்டு ஓடும். பேட்டரி மட்டும் பாதியில் தீரும்.

எங்கும் கட்டாமல் அந்தரத்தில் விட்ட கால் இன்னொரு தொல்லை. 0-வும் இல்லாமல் 1-உம் இல்லாமல் நடுவில் ஊசலாடும். உள்ளே மேல்கதவும் கீழ்க்கதவும் அரைகுறையாகத் திறந்து, மின்சாரம் ஒரு வேலையும் செய்யாமல் நேரே தரைக்கு ஓடும்.

சரி, தூங்கும்போது எல்லாக் கால்களையும் 0 ஆக்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். தொடர் தகவல் அனுப்புகிற காலை 0 ஆக்கினால் எதிர்ப் பக்கம் "ஏதோ சொல்ல வருகிறான்" என்று எடுத்துக்கொள்ளும், ஏனென்றால் அந்தக் கம்பியில் மௌனம் என்பது 1. அதற்காக அதை 1-லேயே வைத்தால், எதிர்ப் பக்கத்துச் சிப்புக்கு மின்சாரம் நிறுத்தியிருக்கும் சமயத்தில் நம் கால் வழியாக அதற்குள் திருட்டுத்தனமாக மின்சாரம் ஏறும். தகவல் வாங்கும் காலோ, தூங்கும்போதும் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதில் வரும் சைகைதான் எழுப்பும் மணி. ஆக ஒவ்வொரு காலுக்கும் விழித்திருக்கும் போது ஒரு நிலை, சும்மா இருக்கும்போது ஒன்று, தூங்கும்போது ஒன்று என்று தனித்தனியாக யோசித்து எழுதி வைக்க வேண்டும். கால்களோ இப்போது நாற்பது இல்லை, நூற்றுக்கணக்கில்.

எங்கே எழுதி வைத்தார்கள் என்பதில்தான் கூத்து. ஏ.ஆர்.எம். வகைச் சிப்புகள் செய்கிற ஒவ்வொரு கம்பெனியும், ஒவ்வொரு பலகைக்கும், லினக்ஸுக்குள் தன் இஷ்டத்துக்கு ஒரு கோப்பைத் திணித்தது. ஒரே வேலைக்கு ஒரு வீட்டில் ஒரு பெயர், அடுத்த வீட்டில் வேறு பெயர். 2011 மார்ச்சில் லினஸ் டோர்வால்ட்ஸே பொறுமை இழந்து இந்தக் குப்பையைப் பற்றிக் கடுமையாக எழுதினார். அந்த வருடமே சுவீடனைச் சேர்ந்த இன்னொரு லினஸ், லினஸ் வாலெய், கால்களைக் கட்டுப்படுத்தும் பொதுவான பகுதி ஒன்றை எழுதினார். எஸ்.டி.-எரிக்சன் கம்பெனிக்காக, லினாரோ அமைப்பின் சார்பில் செய்த வேலை. 2012 ஜனவரியில் வந்த லினக்ஸ் 3.2-ல் அது சேர்ந்தது.

அதன் சாரம் சுலபமானது. எந்தக் காலுக்கு எந்த வேலை என்கிற விவரம் டிரைவருக்குள் இருக்கக் கூடாது. அது தனியே ஒரு பட்டியலில், பெயரிட்ட நிலைகளாக இருக்க வேண்டும்: டிஃபால்ட், ஐடில், ஸ்லீப். டிரைவர் "ஸ்லீப்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். 2013-ல் இன்னொரு படி போனார்கள். டிரைவர் கண் விழிப்பதற்கு முன்பே, மையப் பகுதி அந்தக் கருவியின் கால்களை டிஃபால்ட் நிலையில் வைத்துவிடும். கேட்க வேண்டியதே இல்லை. புதிய சக்தி எதையும் இது சிப்புக்குத் தரவில்லை, பெயர்தான் வைத்தது. என் அனுபவத்தில் பெயர் வைத்த பிறகுதான் மறதி குறைந்தது. அட்டையைப் பெட்டியிலிருந்து கழற்றி வேறு தறியில் மாட்டலாம் என்கிற ஜக்கார்டு யோசனையும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றே.

தூங்கி எழும்போது நிலை மாறிப்போவது பற்றி எங்கள் ஊரில் ஒரு கதை உண்டு. சின்ன காஞ்சிபுரத்துத் திருவெஃகாவில் பள்ளிகொண்டிருப்பவர் சொன்னவண்ணம் செய்த பெருமாள். அரசன் தன் சீடன் கணிகண்ணனை ஊரைவிட்டு விரட்டியதும் திருமழிசை ஆழ்வாரும் கிளம்பினார்; பெருமாளையும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வரச் சொன்னார். அவரும் கிளம்பிவிட்டார். ஊர் இருண்டது. ஓரிரவு தங்கிய இடம் ஓரிக்கை. அரசன் மன்னிப்புக் கேட்டபின் ஆழ்வார் சொன்னபடியே திரும்பி வந்து பாயை விரித்துப் படுத்தார். ஆனால் வழக்கத்துக்கு மாறாக இடம் வலமாகப் படுத்தார் என்பது ஸ்தல புராணம். சொன்னதைக் கேட்டதற்கு அடையாளமாக அப்படி என்பார்கள் பெரியவர்கள். பெருமாள் செய்தால் அது அருள், சிப் செய்தால் அது பழுது.

அந்தப் பழுதை நான் பார்த்தது எங்கள் வீட்டுத் தறியிலேயே. அட்டைக்குப் பதிலாக மின்காந்தங்கள் ஊசியைத் தள்ளுகிற மின்னணு ஜக்கார்டு, உலகச் சந்தைக்கு 1983-ல் போனாஸ் கம்பெனி மூலம் வந்தது. கைத்தறிக்கு ஏற்ற சின்னப் பெட்டிகள் பல வருடம் கழித்துக் காஞ்சிக்கும் வந்தன. ஆயிரக்கணக்கில் அட்டை குத்த வேண்டாம். டிசைனைப் பென் டிரைவில் கொண்டுவந்து சொருகினால் போதும். என் தம்பி மகன் ஒன்று வாங்கி மாட்டினான். யார் செய்த பெட்டி என்பது இங்கே வேண்டாம். நன்றாகத்தான் ஓடியது, கரண்ட் போகிற வரைக்கும்.

"பெரியப்பா, பழைய பெட்டி கரண்ட் இருந்தாலும் இல்லாட்டியும் கம்முனு நிக்கும். இது கரண்ட் வந்ததும் பேய் புடிச்ச மாதிரி தடதடங்குது. ஊடையும் தப்பிப் போயிடுது" என்றான்.

சிரிக்கிற விஷயம் இல்லை. கரண்ட் வந்த தடதடப்பில் தப்பாகத் தூக்கிய இழைகளுக்கு நடுவே ஒரு நாடா ஓடிவிட்டால், புட்டாவில் ஒரு கோடு விழும். நாலைந்து ஊடையைப் பிரித்து எடுக்கலாம்தான். ஆனால் பட்டு பிசிறு தட்டும், ஜரிகையில் மடிப்பு விழுந்தால் போகாது. பதினைந்து நாள் வேலை செய்த புடவைக்குக் கூலியில் பிடித்தம். அந்த மாதம் இரண்டு புடவைக்கு அப்படி ஆகியிருந்தது. தறியை விற்றுவிட்டு ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகலாமா என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்திருந்தது.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். 74எச்.சி.595 என்கிற எட்டு வெளியீட்டுச் சிப்புகள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருந்தன. இந்தச் சிப்புக்கு மின்சாரம் வந்த கணத்தில் உள்ளே என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 0-வும் 1-உம் கலந்து ஏதோ ஒன்று. அதற்காகவே "வெளியே விடலாமா" என்று கேட்கிற கால் ஒன்று அதில் உண்டு, 13-வது கால். அதை 1-ல் பிடித்து வைத்தால் உள்ளே என்ன குழப்பம் இருந்தாலும் வெளியே வராது. இந்தப் பலகையில் எல்லாச் சிப்பின் 13-வது காலையும் நேராகத் தரையோடு இணைத்திருந்தார்கள். கதவை எப்போதும் திறந்தே வைத்த மாதிரி. கரண்ட் வந்ததும் குப்பை அப்படியே மின்காந்தங்களுக்குப் போனது.

அந்தத் தடத்தைக் கத்தியால் அறுத்து, 10 கிலோ ஓம் தடை ஒன்றால் 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டினேன். இதுதான் கயிற்றில் தொங்கும் எடை. பிறகு அந்தக் காலைக் கட்டுப்படுத்தும் சிப்பின் ஒரு காலோடு சேர்த்தேன். நிரலின் மூலப் பிரதி விற்றவரிடமிருந்து கிடைக்கவில்லை. அதனால் கட்டுப்பாட்டுச் சிப்பையே மாற்றி, ஒரு வாரம் உட்கார்ந்து புதிதாக எழுதினேன். எழுந்ததும் முதலில் எல்லாவற்றையும் 0 ஆக்கு, எந்த ஊடையில் நின்றதோ அதன் வரிசையை அனுப்பு, அதன் பிறகே கதவைத் திற.

எந்த ஊடையில் நின்றது என்பதை நினைவில் வைப்பதற்கும் ஒரு கணக்கு இருந்தது. ஊடைக்கு ஊடை அழியா நினைவகத்தில் எழுதலாம். ஆனால் அந்தச் சிப்பில் ஒரே இடத்தில் 1 லட்சம் தடவை எழுதுவதற்குத்தான் உத்தரவாதம். ஆறு கஜம் 216 அங்குலம். அங்குலத்துக்கு 50 ஊடை என்று குறைவாகவே வைத்தாலும் புடவைக்கு 10,800. பத்துப் புடவையில் உத்தரவாதம் முடிந்துவிடும். அதனால் வேலை நடக்கும்போது எண்ணைச் சாதாரண நினைவகத்தில் வைத்து, உள்ளே வரும் மின்னழுத்தம் இறங்க ஆரம்பித்ததை ஒரு கால் உணர்ந்ததும், மின்தேக்கியில் மிச்சமிருக்கிற சொற்ப மின்சாரத்தில் காந்தங்களை விடுவித்து எண்ணை எழுதிவிட்டுத் தூங்கும்படி செய்தேன்.

ஒன்று மட்டும் பெட்டியால் தெரிந்துகொள்ள முடியாமல் இருந்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் யாராவது, பெரும்பாலும் வீட்டுக் குழந்தைகள், மிதியை மிதித்துப் பார்த்திருந்தால்? ஊடை சேர்ந்ததா இல்லையா என்பது துணிக்குத்தான் தெரியும். அதனால் எழுந்ததும் தானாக ஓடாமல் ஊடை எண்ணைத் திரையில் காட்டிவிட்டுக் காத்திருக்கும்படி வைத்தேன். தம்பி மகன் புட்டாவின் கடைசி வரியை விரலால் தடவிப் பார்ப்பான். எண்ணோடு ஒத்துப்போனால் பச்சைப் பொத்தானை அழுத்துவான். ஒத்துப்போகவில்லை என்றால் ஓர் ஊடையைப் பிரித்துவிட்டு அழுத்துவான். பழைய அட்டைப் பெட்டியைப் பரணில் ஏற்றி வைத்திருக்கிறான். விலைக்குக் கேட்டு வந்தவரிடம் தரவில்லை.